காய்ச்சல் மாத்திரை யாருக்கு என்று கேட்டேன்

2020 ஜனவரி கடைசி வரைக்கும் என் கடையில் முகக்கவசம் என்பது மேல்தட்டில் தூசி படிந்து கிடக்கும் ஒரே ஒரு பெட்டி. கோத்தகிரி பஜாரில் மருந்துக்கடை வைத்து அப்போது பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கிற இடத்தில் வேலை பார்ப்பவர்கள் எப்போதாவது ஒன்றிரண்டு முகக்கவசம் வாங்குவார்கள். ஒரு பெட்டி தீர இரண்டு மாதம் ஆகும். பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு டூரிஸ்ட் வேன் டிரைவர் வந்து, "அண்ணா, இருக்கறத எல்லாத்தையும் குடுங்க" என்றார். வூஹானிலிருந்து திருச்சூருக்குத் திரும்பிய மருத்துவ மாணவிக்கு ஜனவரி 30ஆம் தேதி கொரோனா தொற்று உறுதியாகியிருந்தது. நம் நாட்டின் முதல் தொற்று அது. எங்களுக்குக் கேரளா தூரத்து ஊர் கிடையாது. கூடலூரைத் தாண்டினால் வயநாடு, நாடுகாணியைத் தாண்டினால் மலப்புரம். அந்த டிரைவரின் வேனில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்து ஆட்கள். பெட்டியை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். அடுத்த பெட்டி என் கைக்கு வர ஆறு வாரம் ஆனது.

அந்தப் பெட்டி போன நாளிலிருந்து கவுண்டருக்கு உள்பக்கம் நின்று நான் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கிருமியைப் பற்றி டாக்டர்கள் சொல்வார்கள். புதிதாக ஒரு தொற்று வந்தால் ஜனங்கள் எதை மறைப்பார்கள், எதற்காக மறைப்பார்கள் என்பது மருந்துக்கடைக்காரனுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

பயம் முதலில் கோழியின் மேல்தான் இறங்கியது. கோழிக்கறி சாப்பிட்டால் கொரோனா வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றியது. நாமக்கல் பக்கம் விலை சரிந்து பண்ணைக்காரர்கள் தவித்தார்கள். அந்த நேரம் பார்த்து மார்ச்சில் கோழிக்கோட்டில் பறவைக் காய்ச்சல் உறுதியானது. இரண்டும் வேறு வேறு நோய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். ஆனால் செய்தி இரண்டும் ஒரே வாரத்தில், ஒரே போனில், ஒரே எச்சரிக்கைக் குரலில் வந்ததால் ஜனங்களின் மனதில் ஒன்றாகவே ஒட்டிக்கொண்டது. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வந்தபோதும் இப்படித்தான். மாம்பழம் சாப்பிடலாமா, கொய்யா சாப்பிடலாமா என்று மருந்துக்கடையில் வந்து கேட்டார்கள். புதுக் கிருமி கண்ணுக்குத் தெரியாது. அதனால் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதைத் தள்ளி வைத்தால் நிம்மதி என்று நினைக்கிறோம். கோழியோ பழமோ என்றால் பரவாயில்லை, நஷ்டத்தோடு போகும். அப்புறம் அந்த இடத்துக்கு மனுஷன் வந்தான்.

அதற்கு முன் விலை பற்றிச் சொல்லிவிடுகிறேன். மார்ச் 13 அன்று முகக்கவசத்தையும் சானிடைசரையும் மத்திய அரசு அத்தியாவசியப் பொருள் ஆக்கியது. 21ஆம் தேதி விலையும் கட்டியது. இரண்டடுக்குக் கவசம் 8 ரூபாய், மூன்றடுக்கு 10 ரூபாய், 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய். கீழே இருக்கும் மொத்த வியாபாரிகள் சிலர் எனக்குச் சொன்ன கொள்முதல் விலையே அதைவிட அதிகம், அதுவும் பில் இல்லாமல் ரொக்கத்துக்கு. வாங்கவில்லை. எங்கள் தெருவில் தையல் மிஷின் வைத்திருக்கும் ஒரு அக்காவிடம் காட்டன் துணி கொடுத்து, இரண்டு மடிப்பாகத் தைத்து, கொதிநீரில் போட்டு எடுத்துத் தரச் சொன்னேன். பதினைந்து ரூபாய்க்கு விற்றேன், துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டார்கள். புதுத் தொற்று வந்த முதல் மாதத்தில் கடைச் சரக்கு கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் யாரிடம் என்ன கைத்தொழில் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

சரக்கு விஷயத்தில் இன்னொன்று. ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை கொரோனாவைத் தடுக்கும் என்று மார்ச் கடைசியில் பேச்சு கிளம்பியது. வசதியானவர்கள் பட்டை பட்டையாகக் கேட்டார்கள். 26ஆம் தேதி அரசு கட்டுப்பாட்டை இறுக்கியது. அதற்குள் ஏஜென்சியில் சரக்கே இல்லை. மூட்டுவாதத்துக்கு அந்த மாத்திரையைத்தான் வருடக்கணக்காகச் சாப்பிட்டு வந்த ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் மூன்று வாரம் வீங்கிய விரல்களோடு இருந்தார். ஜூனில் பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு வந்தது. கொரோனா நோயாளிகளுக்கு அந்த மாத்திரையால் பலன் இல்லை என்றார்கள். டீச்சரின் மூன்று வாரம் யாருக்கும் பயன்படாமல் போனது. அதற்குப் பிறகு சுகர், பிரஷர், தைராய்டு, வலிப்பு, ஆஸ்துமா என்று மாதாமாதம் வாங்குகிறவர்களின் மருந்தை முதலிலேயே கவரில் பெயர் எழுதித் தனியாக எடுத்து வைத்துவிடுகிறேன். மிச்சத்தைத்தான் தட்டில் அடுக்குவேன்.

ஆஸ்துமா என்றதும் பழக்கடை பாய் ஞாபகம் வருகிறார். அந்த மார்ச்சில் யாருக்குப் போன் போட்டாலும் முதலில் ஓர் இருமல் சத்தம் கேட்கும், அப்புறம்தான் அறிவிப்பு வரும். இருமல் என்றாலே திரும்பிப் பார்க்கிற பழக்கம் ஊருக்கே வந்துவிட்டது. பாய் இருபது வருடமாக மார்க்கெட் ஓரத்தில் வாழைப்பழம் விற்கிறவர். மூடுபனிக் காலத்தில் மூச்சு இழுக்கும், இன்ஹேலர் இல்லாமல் முடியாது. ஏப்ரல் முதல் வாரம், டெல்லியில் நடந்த முஸ்லிம் மத மாநாட்டுக்குப் போய் வந்தவர்களுக்குத் தொற்று என்ற செய்தி வந்த பிறகு, அவங்க கடையில வாங்காதீங்க என்று யாரோ பேசிய ஆடியோ எல்லார் போனிலும் ஓடியது. பாய் அந்த வருடம் மலையை விட்டே இறங்கவில்லை. டெல்லிக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு நாள் ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு குனிந்து உள்ளே வந்தார். இன்ஹேலர் கேட்டார். "காலைல வந்திருக்கலாமே பாய்" என்றேன். "தெருவுல இத எடுத்து வாயில வச்சா ஓடறாங்க தம்பி. ரெண்டு நாளா இருமலை அடக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். ஆஸ்துமாக்காரர் இருமலை அடக்கிக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று எனக்குத் தெரியும். அந்த ஆடியோவை அனுப்பியவர்களுக்குத் தெரிந்திருக்காது.

அதே மாதம் 19ஆம் தேதி சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யப் போனவர்களைக் கூட்டம் கல்லாலும் கட்டையாலும் அடித்து விரட்டியது. அவருடன் வேலை பார்த்த இன்னொரு டாக்டர்தான் கையால் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். மறுநாள் கடையில் அந்தச் செய்தியைப் படித்தவர்களில் பலர் ச்சே என்றார்கள். ஒருவர் மட்டும் தணிந்த குரலில், "நம்ம வீட்ல வந்தா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுடா சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அதை அன்றைக்கே காதில் சரியாக வாங்கியிருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கிராமங்கள் பல, ஊர் நுழைவில் மரக்கட்டையைக் குறுக்கே போட்டு அடைத்துவிட்டன. அதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். டவுனில் இல்லாத கட்டுப்பாடு அந்த ஊர்களில் இருந்தது. பிரச்சினை என்னவென்றால், கட்டை போட்டவர்கள் அதற்கு வாசல் வைக்கவில்லை. இன்சுலின் கொண்டுபோன என் கடைப் பையன் ஐஸ் பையோடு கட்டைக்கு இந்தப் பக்கம் முக்கால் மணி நேரம் நின்றான். அப்புறம் ஊர்ப் பெரியவரிடம் பேசினேன். ஒரு மரப்பெட்டி, பொறுப்புக்கு ஒரு இளைஞன், அவனுடைய போன் நம்பர், ஆம்புலன்ஸ் வந்தால் யார் எழுந்து வந்து கட்டையைத் தூக்குவது என்ற முடிவு. இவ்வளவுதான் தேவைப்பட்டது. ஊரை அடைக்கிற அன்றைக்கே இந்த நாலையும் பேசிவிடுங்கள்.

இனி தேயிலை பறிக்கப் போகிற ஓர் அக்கா விஷயம். இதைச் சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன், தள்ளித் தள்ளி இங்கே வந்திருக்கிறேன்.

ஜூன் மாதம். மே மாதத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பல மாவட்டங்களுக்குப் போன பிறகு, கேரட் ஏற்றிப் போய் வருகிற லாரி டிரைவர்களைக் கண்டாலே ஊர் ஒதுங்கியது. ஜூன் 19 முதல் சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு. வேலை போனவர்கள், வாடகை கட்ட முடியாதவர்கள் எல்லாரும் சொந்த ஊருக்குக் கிளம்பினார்கள். இ-பாஸ் கிடைத்தவர்கள் குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் காட்டிவிட்டு மேலே வந்தார்கள். கிடைக்காதவர்கள் கிடைத்த வண்டியில் வந்தார்கள்.

கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தோம். அன்றைக்கு ஆறு வட்டத்திலும் ஆள் நின்றது. அந்த அக்கா, தேயிலைத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீட்டுக்காரர், முதல் வட்டத்தில் நின்று காய்ச்சல் மாத்திரை பத்து கேட்டார். கவுண்டருக்கு முன்னால் பிளாஸ்டிக் ஷீட் தொங்கியது. வாயில் முகக்கவசம். அதனால் எல்லாரும் சத்தமாகத்தான் பேசுவோம். "யாருக்குக்கா? சென்னையிலேர்ந்து பையன் வந்திருக்கானாமே?" என்று கேட்டேன். நல்ல எண்ணத்தில்தான் கேட்டேன். ஆனால் ஆறு வட்டத்துக்கும் கேட்டது. இரண்டாவது வட்டத்தில் நின்றவர் ஒரு எட்டு பின்னால் போனார். "எனக்குத்தாங்க தம்பி. தலைவலி" என்றார் அக்கா. மாத்திரையை எடுத்துக்கொண்டு மீதிச் சில்லறையை வாங்காமல் போனார். அதற்குப் பிறகு அவர் கடைக்கு வரவில்லை.

ஜூலை முதல் வாரம் அந்த லைனில் ஒரு பெண் மயங்கி விழுந்தார். சோதனை எடுத்தபோது பல வீட்டில் தொற்று இருந்தது. ஒரு தாத்தாவை 108 வண்டியில் கீழே கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. வீட்டு ஆட்கள் முகம்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. தொற்று அந்தப் பையன் வழியாகத்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த லைனிலிருந்து வேறு நாலைந்து பேரும் வெளியூர் போய் வந்திருந்தார்கள். அதை ஆராய்ந்துகொண்டிருப்பதில் எனக்கு விருப்பமும் இல்லை.

எனக்கு உறைத்தது அந்தப் பகுதிக்குப் பொறுப்பான நர்சம்மா சொன்ன விஷயம். "அண்ணா, முக்கால்வாசி வீட்ல ஏற்கனவே காய்ச்சல் மாத்திரை இருந்துச்சு. ஆளுக்கொரு கடைல, ஆளுக்கொரு நாள்ல வாங்கியிருக்காங்க. மே மாசம் மேல் லைன்ல ஒரு வீட்டுக்குத் தகரம் அடிச்சு, ஸ்டிக்கர் ஒட்டி, தண்ணி பிடிக்கக்கூட விடாம வச்சிருந்தாங்க இல்ல? அதைப் பாத்துட்டு எல்லாரும் வாயை மூடிக்கிட்டாங்க" என்றார். முதல் வீட்டை ஊர் எப்படி நடத்துகிறதோ, அதைப் பொறுத்துத்தான் இரண்டாவது வீடு வாயைத் திறக்கும். தகரம் அடித்தவர்கள் கிருமியை அடைத்ததாக நினைத்தார்கள், அடைபட்டது மற்ற வீடுகளின் வாய். நானும் என் கவுண்டரில் நின்று அதே தகரத்தைத்தான் ஒரு கேள்வியாக அடித்திருக்கிறேன். வீட்டு வாசலில் இப்படி நோட்டீஸ் ஒட்டுவது கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் அந்த டிசம்பரில் சொன்னது. அதற்குள் அந்த வருடம் முடிந்துவிட்டது.

கடையின் பக்கவாட்டில் சரக்கு இறக்க ஒரு சின்ன ஜன்னல் உண்டு. சந்துக்குள் திறக்கும். தெருவில் நிற்பவர்களுக்குத் தெரியாது. அதைச் சுத்தம் பண்ணி, கீழே ஒரு கல் போட்டு, காய்ச்சல், இருமல், சளி என்றால் அந்தப் பக்கம் வரலாம் என்று வாய்வழியாகச் சொல்ல ஆரம்பித்தேன். போர்டு வைக்கவில்லை. வைத்திருந்தால் அதுவும் ஒரு ஸ்டிக்கர் ஆகியிருக்கும். யாருக்கு என்று கேட்பதை நிறுத்தினேன். எத்தனை நாளாக, வயது என்ன, மூச்சு வாங்குகிறதா, சுகர் இருக்கிறதா, வீட்டில் வயதானவர்கள் யார் இருக்கிறார்கள். மருந்து கொடுக்க இவ்வளவு போதும். சோதனை எடுக்கச் சொல்லும்போது கூடவே, பாலும் அரிசியும் வாசலில் யார் கொண்டுவந்து வைப்பார்கள் என்பதையும் சொல்வேன். தேயிலைக்குப் போனால்தான் கூலி என்கிற வீட்டில் பதினாலு நாள் உள்ளே இரு என்பது சாப்பிடாமல் இரு என்பதற்குச் சமம். பஜாரில் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து மளிகைப் பை போட்டோம். பழக்கடை பாய் ஒவ்வொரு பையிலும் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்தார். காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

முதல் மாதம் மூன்று பேர் அந்த ஜன்னலுக்கு வந்தார்கள். ஆகஸ்டில் ஒரே நாளில் பதினாறு பேர் வந்தார்கள்.

மலையில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சில விஷயங்கள் உண்டு. டிவியில் சொல்கிறவர்கள் கீழே உட்கார்ந்து சொல்வதால் இவை விட்டுப்போகும். நெற்றிக்கு நேரே நீட்டிப் பார்க்கிற வெப்பமானி, பனியில் நனைந்து வந்தவரின் நெற்றியில் 34 டிகிரி செல்சியஸ் காட்டும். சோதனைச்சாவடியில் விடிகாலையில் அப்படித்தான் காட்டியது. காய்ச்சல் உள்ளவரும் அதில் தப்பிவிடுவார். உள்ளே உட்கார வைத்துக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். வீட்டுக்கு அக்குளில் வைக்கிற சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரே நல்லது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்சிமீட்டரும் அப்படித்தான். குளிர்ந்த விரலில் எண் தாறுமாறாக வரும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சையும் மருதாணியையும் கவனித்து, ஒரு நிமிடம் அசையாமல் வைத்து, இரண்டு முறை பாருங்கள். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். கீழே இருப்பதைவிட ஒன்றிரண்டு எண் குறைவாகக் காட்டினால் பதற வேண்டாம். 94க்குக் கீழே நின்றுவிட்டாலோ மூச்சு வாங்கினாலோ காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் ஜன்னல். இங்கே பொழுது சாய்ந்தால் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு அடுப்படியில் கூடி உட்காருவோம். குளிர் அப்படி. ஆரம்ப மாதங்களில் எல்லாரும் கையைக் கழுவு, கைப்பிடியைத் துடை என்றுதான் சொன்னார்கள். இது காற்றில் பரவாது என்று உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் சொன்னது, பிறகு மாற்றிக்கொண்டது. புது நோயில் அப்படித்தான் ஆகும், தெரியத் தெரியத்தான் சொல்வார்கள். அதற்காக அவர்கள் எதைச் சொன்னாலும் பொய் என்று முடிவு கட்டியவர்களையும் பார்த்தேன், அதுவும் நல்லதற்கில்லை. நாங்களோ பூட்டிய அறையில் சானிடைசர் போட்டுக்கொண்டு ஒரே காற்றை மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். எதிரெதிர் ஜன்னலை நாலு விரல் திறந்து வைத்து, ஒரு கம்பளி கூடப் போர்த்திக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமானது கரி அடுப்பு. தொற்று வந்த பாட்டியைத் தனி அறையில் படுக்க வைத்து, குளிருமே என்று கரி அடுப்பை மூட்டிக் கதவைச் சாத்திவிட்டார்கள். காலையில் பாட்டிக்குத் தலைசுற்றல், வாந்தி. கொரோனா முற்றிவிட்டது என்று அழுதார்கள். நர்சம்மா அடுப்பைப் பார்த்ததும் முதல் வேலையாகக் கதவைத் திறந்து பாட்டியை வெளியே கொண்டுவந்தார். கரிப்புகைக்கு வாசனை இல்லாத விஷம் உண்டு, மூடிய அறையில் அது ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். பாட்டி பிழைத்துக்கொண்டார். தனிமைப்படுத்துகிற அறையில் எந்தக் காலத்திலும் கரி அடுப்பு வேண்டாம், சுடுதண்ணீர்ப் பை கொடுங்கள்.

ஆவி பிடிக்கிற பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளுக்கு அந்த வருடம் நான் விற்ற தீப்புண் மருந்து கொஞ்சமில்லை. சானிடைசர் தேய்த்த ஈரக்கையோடு விறகடுப்பைப் பற்றவைக்காதீர்கள். கபசுரக் குடிநீர் பற்றி நிறையக் கேட்பார்கள். குடித்தவர்களை நான் தடுத்ததில்லை. அதைக் குடிக்கிறோமே என்று சோதனைக்குப் போகாமல் இருந்தவர்களோடுதான் சண்டை போட்டேன்.

குன்னூரில் இருக்கிற பாஸ்டியர் நிறுவனம் 1907இல் தொடங்கியது. வெறிநாய்க்கடிக்கு இந்த மலையிலேயே மருந்து செய்த இடம். என் அப்பா காலத்தில் நாய் கடித்தால் யாரும் அதை மறைக்க மாட்டார்கள் என்று அவர் சொல்வார். கடித்ததும் ஊரே கூட்டிக்கொண்டு ஓடுமாம். நாய் கடித்தவனை யாரும் குற்றவாளியாகப் பார்த்ததில்லை. 2020இல் அதை நான் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

அந்த அக்கா கடைக்கு வரவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் இரண்டு முறை எதிரே பார்த்தேன். ஒரு முறை, அன்றைக்கு அப்படிக் கேட்டது தப்புக்கா என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். 2021 மே மாதம், இரண்டாவது அலை உச்சத்தில் இருந்த நேரம். சந்துப் பக்கத்து ஜன்னலில் ஒரு பையன் வந்து நின்றான், இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். "அண்ணா, நேத்துலேர்ந்து காய்ச்சல். உடம்பெல்லாம் வலி. அம்மாதான் இந்த ஜன்னலுக்குப் போய்ச் சொல்லுன்னாங்க" என்றான். யார் பையன் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வீட்டில் சுகர்க்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டேன். மாத்திரை, தெர்மாமீட்டர், கடையில் சுற்றுக்கு வைத்திருந்த ஆக்சிமீட்டர் எல்லாவற்றையும் கொடுத்து, காலையில் எங்கே போய்ச் சோதனை எடுப்பது என்று எழுதிக் கொடுத்தேன். விரலைச் சூடாக்கிவிட்டுப் பார், இரண்டு முறை பார் என்றேன்.

ராத்திரி எட்டரைக்குப் போன் வந்தது. 96, இரண்டு தடவையும் 96 என்றான். பின்னால் அவன் அம்மா, ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லி யாரையோ அதட்டுவது கேட்டது.